பழைய கிண்டிலை விட்டுக் கோபோவுக்கு மாறலாமா? கம்பனையும் பழைய நூல்களையும் வாசிப்பவர்களின் கருத்து தேவை

காரைக்குடி வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் வசிப்பவன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் பொழுதில் பெரும்பகுதி வாசிப்பில்தான் கழிகிறது. 2019-இல் வாங்கிய கிண்டில் பேப்பர்வைட் என்னும் மின்னூல் வாசிப்புக் கருவி ஒன்றை இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆறு அங்குலத் திரையும், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் தெளிவும் கொண்ட 2018-ஆம் ஆண்டு வடிவம் அது. கருவியின் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் உழைத்த பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, சென்ற மாதம் நான் ஊஞ்சலில் வைத்துவிட்டு எழுந்துபோன இடத்தில் பேரன் வந்து உட்கார்ந்துவிட்டதால், திரையின் அடிமூலையில் இரண்டு விரற்கடை அளவுக்கு எழுத்தே தெரிவதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் தை மாதம், முன்னோருக்குப் படையலிடும் வீட்டுப் படைப்புக்கு வருகிறான். "அப்பச்சி, இந்தத் தடவை கோபோ லிப்ரா கலர் வாங்கிட்டு வர்றேன், பழசைத் தூக்கிப் பரண்ல போடுங்க" என்கிறான். அதுவும் இதைப் போன்ற மின்னூல் கருவிதான், வேறொரு நிறுவனத்தினது. ஏழு அங்குலத் திரை, வண்ணம், பக்கம் திருப்பப் பொத்தான், இரவில் மஞ்சளாக மாறும் வெளிச்சம் என்று அவன் அடுக்கியவை எல்லாம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவன் வாசிப்பது ஆங்கிலத்தில். நான் வாசிப்பதில் பத்துக்கு ஒன்பது தமிழ்.

என் தயக்கம் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கியது 2016-ஆம் ஆண்டின் இறுதியில். அதற்குப் பிறகு நான் விலை கொடுத்து வாங்கியவை இருநூற்றுக்கு மேல் இருக்கும். அவற்றின் கதி என்ன? இரண்டாவதாக, ஒவ்வொரு பங்குனியிலும் கம்பன் கழகத்து விழாவுக்குச் செல்பவன் நான். மேடையில் ஒருவர் பாடலைச் சொல்லும்போதே மடியில் இருக்கும் கருவியில் அந்தப் படலத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ஆறு அங்குலத் திரையில் என் கண்ணுக்கேற்ற அளவில் எழுத்தைப் பெரிதாக்கினால் விருத்தத்தின் அடிகள் ஒடிந்து, நாலடிப் பாட்டு ஏழு வரியாக நிற்கிறது. ஏழு அங்குலத்தில் இது தீருமா? மூன்றாவது, இணையத்தில் கிடைக்கும் பழைய நூல்களின் ஒளிப்பட நகல்கள். அவற்றை இப்போது பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. மாறியவர்கள் யாரேனும் இருந்தால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பள்ளத்தூர் ஆசிரியை:

ஐயா, வணக்கம். நீங்கள் வைத்திருக்கும் அதே பேப்பர்வைட்டிலிருந்து, உங்கள் மகன் சொல்லும் அதே லிப்ரா கலருக்கு நான் சென்ற ஆண்டு மாறினேன். ஆதலால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்ணத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைக்காரரும் பிள்ளைகளும் அதைத்தான் முன்னால் வைக்கிறார்கள். இந்தத் திரை வழக்கமான கறுப்பு வெள்ளை ஈ-இங்க் (மின்மை) தாளின் மேல் ஒரு வண்ண வடிகட்டியைப் போர்த்தியது. கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் தெரியும். வண்ணப் படமோ 150 புள்ளிகளில்தான் தெரியும். அந்த வடிகட்டி வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், தாளின் நிறம் உங்கள் பேப்பர்வைட்டில் இருப்பதைவிட ஒரு படி மங்கலாக, பழுப்பேறிய செய்தித்தாளைப் போல இருக்கும். நம் வீடுகளில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. வளவில் வானம் பார்த்த இடத்தில் உட்கார்ந்தால் வண்ணத் திரை மிக அழகாக இருக்கிறது, முன்விளக்கே வேண்டியதில்லை. அதே கருவியைக் கூரையிட்ட பட்டாலைக் கூடத்துக்குள் எடுத்துச் சென்றால் பகலிலேயே விளக்கைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பேப்பர்வைட்டை அங்கே விளக்கில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். விளக்கு கூடினால் சார்ஜும் விரைவாக இறங்கும். நான் வகுப்புக்கான படங்களைப் பார்ப்பவள் என்பதால் வண்ணம் எனக்குப் பயன்படுகிறது. கம்பனுக்கு வண்ணம் எதற்கு என்று என்னைக் கேட்டால், ஒன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்வேன்.

பொத்தான்களை மட்டும் நான் வாயாரப் புகழ்வேன். திரைக்கு ஒரு பக்கத்தில் அகலமான பிடி ஒன்று இருக்கிறது; அதில் மேலும் கீழுமாக இரண்டு பொத்தான்கள். இடக்கைக்கு மாற்றிப் பிடித்தால் பக்கமும் தானாகத் திரும்பிக்கொள்கிறது. பணியாரத்துக்கு மாவு கலக்கிக்கொண்டே ஒரு கையால் கதை படிப்பது முன்பு முடியாத காரியமாக இருந்தது. தொடுதிரையில் மாவு பட்டால் நான்கு பக்கம் தாவிவிடும். எடை ஏறத்தாழ 200 கிராம், உங்கள் பழையதைவிடச் சற்றே கூடுதல், ஆனால் அந்தப் பிடி இருப்பதால் கையில் கனம் தெரியவில்லை. இரவு விளக்கு மஞ்சளாக மாறுவதும் உண்மையான வசதிதான். வெள்ளை வெளிச்சத்தில் படித்துப் பழகிய கண்ணுக்கு முதல் இரண்டு நாள் நோய்பிடித்த தாளைப் போலத் தெரியும், பிறகு பழையதற்குத் திரும்ப மனம் வராது.

விருத்தத்தின் அடி ஒடிவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏழு அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 4.2 அங்குலம், உங்கள் ஆறு அங்குலத்தினுடையது 3.6. இந்த அரை அங்குலம் கலிவிருத்தத்துக்குப் போதும். நான்கு சீர் கொண்ட அடிகள், கடவுள் வாழ்த்துப் பாடலைப் போன்றவை, ஓரளவு பெரிய எழுத்திலும் ஒடியாமல் நிற்கின்றன. அறுசீர், எழுசீர் விருத்தங்கள் நிமிர்ந்த நிலையில் இங்கும் ஒடியத்தான் செய்கின்றன. அதற்கு நான் கண்ட வழி கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பிக்கொள்வது. அப்போது அகலம் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் இரண்டு பாடல்கள்தான் அடங்கும், ஆனால் அடிகள் முழுதாக நிற்கும். அடி ஒடிந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதுதான் எதுகை. நான்கு அடிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது அது காதுக்கு முன்னால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒடிந்த வரிகளின் நடுவே அதைத் தேடிக்கொண்டிருந்தால் பாட்டின் ஓசை கைநழுவிப் போய்விடுகிறது. படுக்கைவாட்டு கிண்டிலிலும் உண்டு ஐயா, எழுத்து அமைப்புக்கான பட்டியலில் பாருங்கள்; புதியது வரும்வரை அதையாவது செய்து பார்க்கலாம்.

விலைக்கு வாங்கிய நூல்கள்தான் கசப்பான பகுதி. கிண்டில் கடையில் பூட்டுடன் வரும் நூல்கள் கோபோவில் திறக்காது. கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதி ஒன்று அந்தத் தளத்தில் இருந்தது. அதையும் 2025 பிப்ரவரி 26-ஆம் நாளோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்த இருநூறு நூல்களும் கிண்டிலிலும் கிண்டில் செயலியிலும் மட்டுமே உங்களுக்கு உரியவை. செயலியில் படிக்க மனமில்லாமல் பழைய கருவியைப் பரணில் போடுவதாக இருந்தால் அந்த நூல்களையும் அதோடு சேர்த்துப் போடுவதாகத்தான் பொருள்.

கானாடுகாத்தான்காரன்:

அண்ணே, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வாங்கிய நூல்களைக் கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ செயலியில் படித்துக்கொள்ளலாம் என்றால், பிறகு தனியாக ஒரு கருவிதான் எதற்கு? பத்து அங்குல டேப்லெட் ஒன்றில் கிண்டில், கோபோ, ஒளிப்பட நகல் எல்லாமே திறக்கும். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

பள்ளத்தூர் ஆசிரியை:

தம்பி, நீங்கள் சொல்வது ஒளிப்பட நகலுக்குப் பொருந்தும். நான்கைந்து மணி நேரம் படிப்பவருக்குப் பொருந்தாது. ஈ-இங்க் திரையில் மின்னூட்டம் பெற்ற கறுப்பு வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாக நிற்கின்றன. நின்றபின் அதே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்க மின்சாரமே தேவையில்லை, பின்னாலிருந்து கண்ணுக்குள் வெளிச்சம் பாய்வதும் இல்லை. முற்றத்து வெயிலில் உங்கள் டேப்லெட்டை வைத்துப் பாருங்கள், எழுத்து தெரிகிறதா உங்கள் முகம் தெரிகிறதா என்று.

கானாடுகாத்தான்காரன்:

முகம்தான் தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன், ஆச்சி.

கோட்டையூர்க்காரர்:

ஐயா வணக்கம். ஆசிரியை அவர்கள் திரையைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் எழுத்தைப் பற்றியும் ஒளிப்பட நகல்களைப் பற்றியும் எழுதுகிறேன். கருவி மாற்றும் தமிழ் வாசகர் முதலில் சோதிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான். புள்ளிக்கணக்கும் வண்ணமும் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும் என்பது என் கருத்து.

எந்தக் கருவியாக இருந்தாலும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. 'தேவகோட்டை' என்ற ஒரே சொல்லை ஒரு கோப்பில் தட்டச்சு செய்து ஏற்றித் திறந்து பார்ப்பேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழ் எழுத்தைச் சேமிக்கும்போது மெய்யின் குறி முதலிலும் உயிரின் குறி அதன் பின்னாலும் வைக்கப்படுகின்றன. 'தே' என்பதில் தகரம் முதலில், கொம்பு அடுத்து. ஆனால் திரையில் கொம்பு இடப்பக்கம் வந்தாக வேண்டும். 'கோ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிற்க வேண்டும். 'டை' என்பதிலும் குறி முன்னே ஏற வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது கருவிக்குள் இருக்கும் எழுத்து அடுக்கும் மென்பொருள். அது தமிழ் அறியாததாக இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றும் கூடவே முளைக்கும். நம் ஊர்ப் பெயர் ஒன்றிலேயே மூன்று சோதனைகளும் அமைந்திருப்பதால் வேறு எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. என் உறவினர் ஒருவர் பெயர் தெரியாத மலிவான கருவி ஒன்றை வாங்கி வந்து, இந்தச் சொல்லைப் பார்த்த அன்றே பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

கோபோவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஈபப் என்னும் பொதுவான மின்னூல் கோப்பையும், அந்த நிறுவனத்துக்கே உரிய கெபப் கோப்பையும் அது வெவ்வேறு மென்பொருள்களைக் கொண்டு திறக்கிறது. தமிழ் நூல்களைக் கெபப்பாக மாற்றி ஏற்றுங்கள். கணினியில் மின்னூல்களைப் பராமரிக்கும் காலிபர் மென்பொருளின் 8-ஆம் பதிப்பிலிருந்து, கோபோவைக் கணினியில் செருகி நூலை அனுப்பும்போதே இந்த மாற்றம் நடந்துவிடுகிறது. கருவியின் நினைவகத்தில் ஃபான்ட்ஸ் என்ற பெயரில், ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஒரு கோப்புறை அமைத்து நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற இலவச எழுத்துருக்களைப் போட்டுவிட்டால் அவை எழுத்துப் பட்டியலில் வந்துவிடும். கூடவே கோரீடர் என்னும் இலவச வாசிப்பு மென்பொருளையும் நிறுவிக்கொள்ளுங்கள். கோபோவின் சொந்த மென்பொருளை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே இருந்துகொள்ளும். எழுத்து அடுக்குவதற்கு அது ஹார்ஃப்பஸ் என்னும் நிரலைப் பயன்படுத்துவதால் சாதாரண ஈபப்பிலேயே தமிழ் பிழையின்றி வருகிறது. கிண்டிலில் இதை நிறுவக் கருவியின் பூட்டை உடைக்க வேண்டும். அந்த வம்புக்கு நான் போவதில்லை.

கோப்பே பழையதாக இருந்தால் கருவியைக் குறைகூறிப் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியபோது யூனிகோடு நம் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. அதன் தொடக்கக் கால நூல்கள் வேறு எழுத்துருக்களில், பின்னர் திஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் வெளிவந்து, அதன் பிறகே யூனிகோடுக்கு வந்தன. அந்தக் காலத்தில் இறக்கி வைத்த கோப்பு உங்கள் கணினியில் கிடந்து அதையே புதிய கருவியில் ஏற்றினால் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். தளத்திலிருந்து யூனிகோடு வடிவத்தைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். படலவாரியாகப் பொருளடக்கம் இல்லாத கோப்பாக இருந்தால், காலிபரின் திருத்தும் பகுதியில் தலைப்புகளைக் கொண்டு பொருளடக்கத்தை உருவாக்கலாம். ஆறு காண்டங்களுக்கும் ஒரு மாலைப் பொழுது போதும். விழா மேடையில் பாடல் சொல்லி முடிப்பதற்குள் படலத்தை எடுக்க வேண்டுமென்றால் அது இல்லாமல் நடக்காது.

இனி ஒளிப்பட நகல்கள். ரோஜா முத்தையா வாழ்ந்த ஊர்க்காரனாக இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதாமல் போக முடியாது. அவர் கோட்டையூர் வீட்டில் சேர்த்து வைத்த நூல்களைத்தான் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அவற்றை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அப்படிப்பட்ட பழைய நூல்களை ஒளிப்பட நகலில் படிக்கும்போது கணக்கு இப்படி வருகிறது. பொதுவாக டெம்மி அளவு நூலின் பக்கம் ஐந்தரை அங்குல அகலம். அதை ஆறு அங்குலக் கருவியின் 3.6 அங்குல அகலத்துக்குள் அடைத்தால் எழுத்து மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். பூதக்கண்ணாடி வருவது அதனால்தான். ஆனால் ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் அச்சேறிய பரப்பின் அகலம் நாலேகால் அங்குலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஏழு அங்குலத் திரையின் அகலமும் ஏறத்தாழ அதுவே. கோரீடரில் ஓரத்தைத் தானாக வெட்டும் வசதி இருக்கிறது, ஆகவே எழுத்து அச்சில் இருந்த அளவுக்கே கிடைத்துவிடும். வரிகளைக் கலைத்துப் பெரிதாக அடுக்கித் தரும் வசதியும் அதில் உண்டு. உரைநடைக்கு அது பரவாயில்லை, செய்யுளையும் இருபத்தி அச்சையும் அது கொத்துப் பரோட்டா ஆக்கிவிடுகிறது. நாள் முழுவதும் ஒளிப்பட நகல்தான் என்பவர்கள் 10.3 அங்குலக் கருவி பார்க்கலாம். ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு ஒரு கையில் பிடிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தேவகோட்டை மாணவி:

என் கருத்து சுருக்கமானது. தமிழ் உரைநடையும் செய்யுளும்தான் வாசிப்பு என்றால் கோபோ நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைக் கிளாரா போதும்; வடிகட்டி இல்லாததால் தாள் வெளுப்பாக இருக்கும். ஆனால் அது ஆறு அங்குலம், பொத்தானும் இல்லை. விருத்தமும் ஒளிப்பட நகலும் உங்களுக்கு முக்கியம் என்பதால் ஏழு அங்குலத்தையே வாங்குங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, வண்ணத்தைத் தண்டமாகச் சுமக்க வேண்டியிருந்தாலும்.

காரைக்குடி வாசகர்:

அனைவருக்கும் நன்றி. பங்குனி விழா முடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்ததில் இவ்வளவு தாமதமாகிவிட்டது.

மகன் லிப்ரா கலரையே கொண்டுவந்தான். வந்த அன்று இரவே கோட்டையூர் நண்பர் சொன்னபடி 'தேவகோட்டை'யை ஏற்றிப் பார்த்தோம். கெபப்பிலும் கோரீடரிலும் சொல் ஒழுங்காக நின்றது. பழைய கிண்டிலையும் புதியதையும் ஆத்தங்குடித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பாடலைத் திறந்தபோது, ஆசிரியை எழுதிய பழுப்பு நிறம் சட்டென்று தெரிந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "புதுசு ஏன் பழசு மாதிரி இருக்கு, பழசு ஏன் புதுசு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. முற்றத்துக்கு எடுத்துச் சென்ற பிறகுதான் அவன் மீண்டும் பேசத் தொடங்கினான்.

பழையதைப் பரணில் போடவில்லை. அடிமூலை தெரியாத பகுதி பக்கத்தின் கீழ்ப்புறம் வராதபடி படுக்கைவாட்டில் திருப்பி வைத்தால் மறைவது தலைப்பு வரி மட்டும்தான் என்று பேரனே கண்டுபிடித்துக் கொடுத்தான். உடைத்தவனே வழியும் சொன்னதால் அவன் மீதிருந்த வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. வாங்கிய இருநூறு நூல்களும் அதில் இருக்கின்றன. ஊஞ்சலுக்கு அருகில் சார்ஜர் வயரோடு கட்டிப்போட்ட கன்றுக்குட்டியைப் போல நிரந்தரமாக இருக்கிறது, என் மனைவி அதில் நாவல் படிக்கிறார்.

பங்குனியில் கம்பன் விழாவின் மூன்று நாள்களும், விழாவின் நிறைவு நாளான அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையிலும் புதியதையே எடுத்துச் சென்றேன். படலவாரிப் பொருளடக்கம் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு மாலையல்ல, நான்கு மாலைகள் ஆயின. படுக்கைவாட்டில் வைத்து, பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டு, அறுசீர் விருத்தம் ஒடியாமல் வருவதைப் பார்த்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் மடிப்பக்கம் சாய்ந்துவிட்டார். இரண்டாம் நாள் அவர் எனக்கு முன்பே வந்து, எனக்கும் இடம் போட்டு வைத்திருந்தார்.

கோட்டையூர் நண்பரிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நான் காலிபரில் திருத்திய கோப்பில் அரும்பதவுரை எண்ணைத் தொட்டால் குறிப்புக்குப் போகிறது, ஆனால் குறிப்பிலிருந்து பாடலுக்குத் திரும்ப வழியில்லை. ஒவ்வொரு முறையும் பொருளடக்கத்துக்குப் போய் வரவேண்டியிருக்கிறது. இணைப்பை இரண்டு பக்கமும் போட வேண்டுமா, அல்லது கருவியிலேயே திரும்பும் பொத்தான் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா?

கோட்டையூர்க்காரர்:

இரண்டு பக்கமும் போடுவதே நல்லது ஐயா. கோப்பை அனுப்புங்கள், சனிக்கிழமை உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன்.